கட்டாயப்படுத்தும் தகுதி

(சட்ட மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காரில் ஏறி உட்காரும் ஒருவரைப் பார்த்து அரசு சொல்கிறது: பெல்ட் போடு, இல்லையென்றால் அபராதம் கட்டு. அவர் யாரையும் அடிக்கவில்லை, யார் பொருளையும் எடுக்கவில்லை, சிக்னலை மீறவில்லை. தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரிந்த, வயது வந்த ஒரு மனிதரை அவருடைய நன்மைக்காகவே தண்டிக்க அரசுக்கு உரிமை உண்டா? இன்றைய என் பேச்சு இந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீட் பெல்ட் சட்டம் நியாயமானது என்று நம்புகிறவன் நான். ஆனாலும் அதை எதிர்ப்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அவர்கள் எழுப்பும் கேள்விகளில் சில, அரசு பதில் சொல்லியே தீர வேண்டியவை. குடிமகனைக் கட்டாயப்படுத்தும் தகுதி அரசுக்குத் தானாக வந்துவிடுவதில்லை. கார் செய்பவரையும் சாலை போடுபவரையும் அபராதம் விதிக்கும் காவலரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் அது வருகிறது. இதை உங்கள் முன் வாதிட்டு நிறுவ வந்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். தோளின் குறுக்கே வந்து இடுப்பைச் சுற்றி ஒரே கொக்கியில் மாட்டிக்கொள்ளும் இன்றைய பெல்ட்டை 1959இல் வடிவமைத்தவர் நீல்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். வால்வோ நிறுவனத்துக்கு வருவதற்கு முன் அவர் சாப் நிறுவனத்தில் போர் விமானங்களுக்கான இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தார். ஆபத்து நேரத்தில் விமானியோடு வெளியே பாயும் இருக்கைகள் அவை. திடீர் வேக மாற்றத்தில் மனித உடல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது அவருக்கு அத்துப்படி. விசையை வயிற்றில் விழவிடாமல், உடலின் உறுதியான பகுதிகளான மார்புக்கூட்டின் மீதும் இடுப்பெலும்பின் மீதும் பரப்பிவிட்டார். வால்வோ நிறுவனம் அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதினால் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் நிற்க மாட்டார். அதே வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருப்பார். அந்த வேகத்தில் ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ மோதுவது, கிட்டத்தட்ட பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். கையை ஊன்றிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். காரின் முன்னிருக்கையில் இருப்பவருக்கு உயிர் போகும் அபாயத்தைப் பெல்ட் சுமார் 45 விழுக்காடு குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு.

ஆகவே பெல்ட் உயிர் காக்குமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உயிர் காக்கும் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைக் கட்டாயமாக்கிவிடலாமா என்பதுதான் கேள்வி.

உலகில் முதன்முதலாக அப்படிக் கட்டாயமாக்கிய அரசுகளில் முதன்மையானது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 1970 டிசம்பரில் அங்கே சட்டம் வந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் அந்த மாநிலச் சாலைகளில் இறந்தவர்கள் 1,061 பேர். இன்று மக்கள்தொகையும் வண்டிகளும் பெருகிய பிறகும் அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு முந்நூறை ஒட்டியே நிற்கிறது. இதைப் பெல்ட் மட்டும் செய்துவிடவில்லை. 1976இல் தொடங்கிய மூச்சுச் சோதனை, வேகக் கட்டுப்பாட்டுக் கேமராக்கள், திருத்தி அமைக்கப்பட்ட சாலைகள் எல்லாம் சேர்ந்தே இதைச் செய்தன. பெல்ட் அந்த வரிசையில் முதல் படி. தொடர்ந்து வந்த படிகளை ஏறியதால்தான் முதல் படிக்கும் மதிப்பு வந்தது.

அமெரிக்காவின் கதை வேறு. நம் கேள்விக்குப் பாடம் அங்கேதான் அதிகம்.

1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூலொன்று, கார்கள் பாதுகாப்பில்லாமல் தயாரிக்கப்படுவதை நாடறியச் செய்தது. மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 முதல் புதிய கார்களில் பெல்ட் பொருத்தித்தான் விற்க வேண்டும் என்று ஆனது. பெல்ட் இருந்தது, போடுவார் இல்லை. எனவே 1974 மாடல் கார்களில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். முன்னிருக்கையில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் வண்டி கிளம்பாது. இருக்கையில் ஒரு மளிகைப் பையை வைத்தாலும் அதை ஆளென்று எண்ணிக்கொண்டு வண்டி அடம்பிடித்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. எச்சரிக்கை ஒலிகூட எட்டு விநாடிக்கு மேல் ஒலிக்க வேண்டும் என்று அரசு கேட்கக் கூடாது என்றும் அதில் எழுதிவைத்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1984இல், போக்குவரத்து அமைச்சர் எலிசபெத் டோல் ஒரு விதியை அறிவித்தார். ஏர்பேக் போன்ற தானியங்கிப் பாதுகாப்பை எல்லாக் கார்களிலும் பொருத்த வேண்டும். ஆனால் நாட்டு மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாழும் மாநிலங்கள் 1989 ஏப்ரலுக்குள் பெல்ட் கட்டாயச் சட்டம் இயற்றிவிட்டால் அந்த விதி நீங்கிவிடும். இந்த ஏற்பாட்டின் உட்பொருளைக் கவனியுங்கள். குடிமகன் மீது கட்டாயம் ஏறினால் உற்பத்தியாளர் மீதிருக்கும் கட்டாயம் இறங்கும். கார் நிறுவனங்கள் மாநிலம் மாநிலமாகப் பெல்ட் சட்டத்துக்கு ஆதரவு திரட்டப் பணத்தை வாரி இறைத்தன. ஏர்பேக்குக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது அவர்களுக்கு மலிவு. கடைசியில் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. தேவையான அளவு மாநிலங்கள் நிபந்தனைக்கேற்பச் சட்டம் இயற்றவில்லை; ஏர்பேக்கும் வந்தது, பெல்ட் சட்டமும் வந்தது. ஆனால் அன்று 'இந்தச் சட்டம் யாருக்காக?' என்று கேட்டவர்கள் வீண் சந்தேகம் கொண்டவர்கள் அல்லர்.

நியூயார்க் முதலில் சட்டம் இயற்றியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1986 தொடக்கத்தில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜெர்ரி வில்லியம்ஸ் என்ற வானொலிப் பேச்சாளர் தலைமையில் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் பொது வாக்கெடுப்பில் மக்கள் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1994இல், சட்டம் மீண்டும் வந்தது. மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. இந்த முறை அதே மாநில மக்கள் சட்டம் இருக்கட்டும் என்றார்கள். யாரும் அவர்களை அடக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் வாதம் நடந்தது, பழக்கம் மாறியது, கருத்தும் மாறியது. ஒரு கட்டாயம் மக்களின் சம்மதத்தைப் பெற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்றும் வயது வந்தவர்களுக்குப் பெல்ட் கட்டாயம் இல்லாத ஒரே அமெரிக்க மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர். 'சுதந்திரமாக வாழ், அல்லது செத்துப் போ' என்பது அந்த மாநிலத்தின் முழக்கம். கார்களின் எண் பலகையிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெல்ட் கட்டாயம்தான். தன் முடிவைத் தானே எடுக்கும் வயது வந்தவரைப் பற்றியதுதான் தகராறு.

இப்போது எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். இடியும் நிலையில் உள்ள பாலத்தில், அது தெரியாமல் ஒருவர் கால் வைக்கப் போகிறார். எச்சரிக்க நேரமில்லை. அவரைப் பிடித்து இழுத்து நிறுத்தினால் அது அவர் சுதந்திரத்தைப் பறிப்பது ஆகாது. ஆற்றில் விழ அவர் விரும்பவில்லையே. இந்தப் பகுதியைப் பலர் பெல்ட் சட்டத்துக்கு ஆதரவாகக் காட்டுகிறார்கள். ஆனால் மில் அத்தோடு நிறுத்தவில்லை. ஆபத்து நிச்சயமாக நிகழும் என்று இல்லை, நிகழலாம் என்ற அளவில்தான் இருக்கிறது என்றால், எச்சரித்துவிட்டு முடிவை அவரிடமே விட்டுவிட வேண்டும் என்கிறார். ஒரு பயணத்தில் விபத்து நேர்வது சாத்தியம் மட்டுமே. எனவே மில்லைச் சாட்சிக்கு அழைத்தால் அவர் நமக்கு எதிராகவே பேசுவார்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் செலவுக் கணக்கு. மாசசூசெட்ஸில் ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டி ஹெல்மெட் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1972இல் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அடிபட்டவரைச் சாலையிலிருந்து தூக்குவதும் மருத்துவமனையில் சேர்ப்பதும், வேலை செய்ய முடியாமல் போனால் தாங்குவதும் சமூகம்தான். ஆகவே அந்தக் காயம் அவர் ஒருவருடையது மட்டும் அல்ல என்றது. உண்மைதான். ஆனால் இதை மட்டுமே நம்பிச் சட்டம் கட்டினால் அது எங்கே போய் நிற்கும்? சர்க்கரை நோய்க்கும் சமூகம் செலவழிக்கிறது. அதற்காக ஒருவர் தட்டில் இருக்கும் இனிப்பை அரசு எடுத்துவிட முடியுமா? செலவைக் காட்டி எல்லாவற்றையும் தடுக்கலாம் என்றால் சுதந்திரத்துக்கு இடமே இருக்காது.

பிறருக்குத் தீங்கு என்ற வாதம் இதைவிட உறுதியானது. பின்னிருக்கையில் பெல்ட் போடாமல் இருப்பவர் மோதலின்போது முன்னிருக்கையில் இருப்பவர் மீது முழு வேகத்தில் போய் விழுகிறார். தன் உடல் தன் உரிமை என்பவர், தன் உடலே அடுத்தவரைக் கொல்லும் பாரமாக மாறுவதற்கு உரிமை கேட்க முடியாது. ஆனாலும் காரில் தனியாகப் போகிறவருக்கு இந்த வாதம் முழுமையாகப் பொருந்தாது.

அந்தத் தனி மனிதரைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இது. மனிதர்கள் ஏற்கும் ஆபத்துகள் எல்லாம் ஒரே வகை அல்ல. எவரெஸ்ட் ஏறுபவரின் வாழ்க்கைக்கு அந்த ஆபத்தே பொருள் தருகிறது. அவரைத் தடுத்தால் அவர் வாழ்க்கையின் ஒரு பகுதியை வெட்டியதாகிவிடும். மத நம்பிக்கைக்காகத் தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு ஹெல்மெட்டிலிருந்து விலக்கு தருகிறது. பிரிட்டனும் 1976இல் அப்படியொரு விலக்குச் சட்டம் இயற்றியது. மறுப்பின் பின்னால் மனசாட்சி இருந்தால் சட்டம் வழிவிட்டு நிற்கலாம் என்பதற்கு இவை உதாரணங்கள். பெல்ட் போடாதவரின் மறுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சட்டை கசங்கும். பக்கத்துத் தெருவுக்குத்தானே. எனக்கு ஓட்டத் தெரியும். இவற்றில் எதுவும் ஒரு மனிதர் தன் வாழ்க்கையை எப்படி வாழ வேண்டும் என்று எடுத்த முடிவு அல்ல. யோசிக்காமல் விட்டுவிட்ட ஒன்று. இரண்டு விநாடி வேலையைச் சட்டம் கேட்கிறது. அதற்கு மாற்றாக அவர் நாளையும் அடுத்த வருடமும் எடுக்கப்போகும் ஆயிரம் முடிவுகளைக் காக்கிறது. சுமை இவ்வளவு சிறிதாக, இழப்பு இவ்வளவு பெரிதாக, விட்டுக்கொடுப்பதில் மனசாட்சி எதுவும் நோகாததாக இருக்கும் இடத்தில் மட்டுமே இத்தகைய கட்டாயத்தை நான் ஏற்பேன். இந்த மூன்றும் ஒருசேர அமைவது அரிது. ஆகவே பெல்ட்டைக் காட்டி வேறு கட்டாயங்களைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு என் வாதம் உதவாது.

பெல்ட் போட்டால் துணிச்சல் வந்து வேகமாக ஓட்டுவார்கள், அதனால் நன்மை கழிந்துபோகும் என்று ஒரு தரப்பு உண்டு. பொருளியல் அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1975இல் வாகனப் பாதுகாப்பு விதிகள் பற்றி இதை எழுதினார். பிரிட்டனில் புவியியல் அறிஞர் ஜான் ஆடம்ஸ் பெல்ட் சட்டத்துக்கு எதிராக இதைத் தொடர்ந்து வலியுறுத்தினார். கேட்கத் தகுந்த வாதம். ஆனால் அமெரிக்க மாநிலங்களின் புள்ளிவிவரங்களை வைத்து அல்மா கோஹனும் லிரான் ஐனவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, பெல்ட் சட்டங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவேனும் மரணங்களைக் குறைத்தன என்றும், ஓட்டுநர்கள் அதை ஈடுகட்டும்படி துணிந்து ஓட்டியதற்குத் தக்க சான்று இல்லை என்றும் காட்டியது.

இனி, எதிர்ப்பாளர்கள் பக்கம் நியாயம் மிகுதியாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன். 1997இல் டெக்சாஸின் லாகோ விஸ்டா என்ற சிற்றூரில் ஒரு தாய் தன் இரண்டு சிறு குழந்தைகளோடு வண்டியில் போனார். யாரும் பெல்ட் போடவில்லை. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே ஐம்பது டாலர். ஆனால் காவலர் அவருக்குக் கைவிலங்கு மாட்டி, காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய், அறையில் அடைத்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்தக் கைது அரசியலமைப்புக்கு எதிரானது அல்ல என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இவ்வளவு சிறிய குற்றத்துக்குக் கைது செய்யும் கட்டற்ற அதிகாரம் காவலர் கையில் இருந்தால், அது யார் மீது பாயும் என்ற கவலை அதில் இருந்தது. கறுப்பின மக்களின் வண்டிகளை நிறுத்த ஏதாவது ஒரு காரணம் தேடும் நாட்டில் அது வெறும் கற்பனைக் கவலை அல்ல. பல மாநிலங்கள் தொடக்கத்தில், வேறு குற்றத்துக்காக நிறுத்திய வண்டியில் மட்டுமே பெல்ட்டுக்கு அபராதம் விதிக்கலாம் என்று வரம்பு வைத்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். சட்டம் நல்லது என்பதால் அதைச் செயல்படுத்தும் கையும் நல்லதாகிவிடாது.

இந்த வெளிச்சத்தில் நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி பெல்ட் போடாமல் ஓட்டுபவருக்கும், பெல்ட் போடாத பயணியை ஏற்றிச் செல்பவருக்கும் ஆயிரம் ரூபாய் அபராதம். 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், 8,331 பேர், பயணிகள். அந்த ஆண்டு செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே பின்னிருக்கையில் பெல்ட் இன்றிப் பயணம் செய்தபோது இறந்தார். பின்னிருக்கைக்கும் பெல்ட் உண்டு என்பதே பலருக்கு அன்றுதான் நினைவுக்கு வந்தது. அப்போதும், எச்சரிக்கை ஒலியை அடைக்கப் பெல்ட் துளையில் செருகும் வெற்றுக் கொக்கிகள் இணையக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. அவற்றை நீக்கும்படி நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆனால் 194பி பிரிவை இன்னொருமுறை படியுங்கள். பயணி பெல்ட் போடாவிட்டால் தண்டனை ஓட்டுநருக்கு. நம் ஊரில் பின்னிருக்கையில் உட்காருபவர் பெரும்பாலும் முதலாளி. முன்னால் இருப்பவர் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுபவர். "ஐயா, பெல்ட் போட்டுக்கோங்க" என்று அவர் எத்தனை முறை சொல்ல முடியும்? சுதந்திரம் ஒருவருக்கு, அபராதம் இன்னொருவருக்கு என்ற இந்த ஏற்பாட்டை எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த முடியாது. முடிவெடுக்கும் வயதுள்ள பயணியே தன் முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

அதே 2019 திருத்தத்தில் வேறு பிரிவுகளும் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசுவார் குறைவு. குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்கு உத்தரவிட 110ஏ பிரிவு இடம் தருகிறது. சாலையை வகுக்கப்பட்ட தரப்படி அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 198ஏ. சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரம் பெற்றவரே அதை மீறினால் இரட்டை அபராதம் என்கிறது 210பி. ஆயிரம் ரூபாய் சலான் நம் எல்லோருக்கும் தெரியும். இந்த மூன்று பிரிவுகளும் அதே அளவுக்குத் தெரிய வேண்டாமா? குடிமகனுக்கான பிரிவு தெருமுனையில் நிற்கிறது. மற்றவை புத்தகத்துக்குள் இருக்கின்றன. இந்த நிலை நீடிக்கும் வரை 'அரசு வசூலுக்காகத்தான் இதைச் செய்கிறது' என்று மக்கள் சொல்வதைக் குறைகூற எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெல்ட் பொருத்திய இருக்கை உள்ளவரைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசினோம். விடிகாலையில் கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் லோடு வேனின் பின்தட்டில் நின்றபடி போகும் பெண்களுக்கு இருக்கையே இல்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குட்டியானையில் நெருக்கியடித்து ஏறும் குடும்பங்களுக்கும் இல்லை. அந்த வண்டியை விட்டால் அவர்களுக்கு வேறு வண்டி கிடையாது. அவர்கள் ஆபத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே அவர்கள் விஷயத்தில் தனிமனித சுதந்திரம் என்ற விவாதத்துக்கே இடமில்லை. அவர்களை நிறுத்தி அபராதம் விதிப்பதற்கு முன், அந்த ஊருக்கு அந்த நேரத்தில் ஒரு பேருந்து விட வேண்டும்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களில் சிலர் நீதிமன்றத்தில் நிற்பீர்கள்; சிலர் சட்டம் எழுதும் இடத்தில் இருப்பீர்கள். பெல்ட் போடாததற்கான சலானை எதிர்த்து ஒருவர் உங்களிடம் வந்தால், அந்த வழக்கை ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன். அவருக்கு நல்ல புத்தி சொல்லி அனுப்புங்கள். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் பிள்ளையை இழந்த ஒரு தாய் வந்தால் 198ஏ பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசிவரை போராடுங்கள். அந்தப் பிரிவின் கீழ் ஓர் அதிகாரியும் ஓர் ஒப்பந்ததாரரும் கூண்டில் நிற்பதை மக்கள் பார்க்கட்டும். அதன்பின் அரசு எங்களைப் பார்த்துப் பெல்ட் போடு என்று சொல்லலாம். அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரு மதிப்பு இருக்கும். அதுவரையிலும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், அரசு சொல்வதற்காக இல்லை, உங்களுக்கு முன்னால் செய்து முடிக்க இவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்காக.

 வணக்கம்.